பின்கண்ட்ரோல் டிரைவர் பேட்சில் லாக் இல்லை, விடலாமா?

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு புதிய சிப்பின் பின்கண்ட்ரோல் டிரைவர் (சிப்பின் எந்தப் பின் எந்த வேலைக்கு என்று அமைப்பது) பேட்ச் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. செக்பேட்ச் (பேட்சின் நடையைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்) ஒன்றும் சொல்லவில்லை, போர்டும் பூட் ஆகிறது. ஒரு பின்னுக்கு 4 பிட், அதாவது 32 பிட் ரெஜிஸ்டர் ஒன்றில் 8 பின்கள். மக்ஸ், அதாவது பின்னின் வேலையை, மாற்றும்போது ரெஜிஸ்டரைப் படித்து, அந்த 4 பிட்டை மாற்றி, திரும்ப எழுதுகிறார்கள், லாக் (ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுப்பது) கிடையாது. கேட்டால், கெர்னலின் பின்கண்ட்ரோல் கோரிலேயே மியூட்டெக்ஸ் (ஒருவகை லாக்) இருக்கிறதே என்கிறார் எழுதியவர். சரிதானா? வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
சரியில்லை. கோரின் மியூட்டெக்ஸ் அதன் பட்டியல்களைக் காப்பதற்கு, உங்கள் ரெஜிஸ்டர் டிரைவரின் பொறுப்பு. சீரியல் டிரைவருக்காக 0–3 பிட்டை மாற்ற ஒரு சிபியூ ரெஜிஸ்டரைப் படிக்கிறது, அது எழுதுவதற்குள் இன்னொரு சிபியூ ஐ2சி பஸ்ஸுக்காக 4–7 பிட்டை எழுதி முடித்துவிடுகிறது, அப்புறம் முதலாவது தன் பழைய நகலை எழுதியதும் ஐ2சி போச்சு. எங்கள் போர்டில் இப்படித்தான், ஐ2சி-யில் இணைந்த டச் பேனல் சில பூட்டில் மட்டும் வராது. ஒரு வாரம் கேபிளை மாற்றினோம், பேனலை மாற்றினோம். டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் ஃபைல்கள்) அந்தப் பின் ஐ2சி-யிடம்தான் இருப்பதாகக் காட்டியது; ரெஜிஸ்டரை நேரடியாகப் படித்தபோதுதான் அங்கே 0 இருப்பது தெரிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே பேட்சைத் திருப்பி அனுப்புங்கள்.

பதில் 2:
லாக் போடச் சொல்லும்போது எந்த லாக் என்றும் சொல்லிவிடுங்கள். இதே டிரைவரில் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்) இன்டரப்ட்டும் இருந்து, அந்த இன்டரப்ட்டைக் கையாளும் ஐஆர்க்யூ சிப் ஃபங்ஷன்களும் அதே லாக்கை எடுத்தால் ரா ஸ்பின்லாக்தான் (எப்போதும் தூங்காத லாக்) வேண்டும், அதுவும் இன்டரப்ட்டை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். ரியல்டைம் கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடியது, அங்கே தூங்கக் கூடாது.

பதில் 3:
பின்கான்ஃப் செட் (புல்-அப் போன்ற பின் அமைப்புகளை எழுதும்) ஃபங்ஷனில் ஸ்விட்சின் டிஃபால்ட் கேஸைப் பாருங்கள். அங்கே 0 (வெற்றி) திருப்பினால், டிவைஸ் ட்ரீயில் (போர்டை விவரிக்கும் ஃபைல்), லைனை மேல்நிலையில் பிடித்துவைக்கும் புல்-அப் கேட்டவருக்கு அது கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும், லைன் மிதந்துகொண்டிருக்கும். ஹார்டுவேரால் முடியாததற்கு ஈநாட்சப் (ஆதரவு இல்லை) எரர்தான் திரும்ப வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பார்த்தேன், டிஃபால்ட் கேஸில் 0தான் இருக்கிறது. ஜிபிஐஓ டைரக்ஷன் மாற்றும் ஃபங்ஷனும் அதே ரெஜிஸ்டரை லாக் இல்லாமல் எழுதுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து இன்றே வி2 (திருத்திய பேட்ச்) கேட்கிறேன்.