இரண்டு லான் கார்டு சேர்த்தும் காப்பி வேகம் கூடவில்லையே?

சேலம்_எடிட்டர்:
பழைய பிசி ஒன்றில் டெபியன் 11 லினக்ஸ் போட்டு சாம்பா (விண்டோஸ் பிசிகளுக்கு ஃபைல் பகிரும் மென்பொருள்) சர்வராக ஓட்டுகிறேன். கல்யாண வீடியோ வேலை, ஃபைல் ஒவ்வொன்றும் 40, 50 ஜிபி வரும், அதனால் இன்னொரு ஜிகாபிட் கார்டு செருகி இரண்டையும் பாண்டிங்கில் (பல கார்டை ஒன்றாகக் கட்டும் வசதி) சேர்த்து மோடு 4, அதாவது எல்ஏசிபி முறை, கொடுத்தேன், சுவிட்சிலும் எல்ஏசிபி போட்டாயிற்று. இரண்டு போர்ட்டும் அப் என்றுதான் காட்டுகிறது. ஆனால் விண்டோஸ் 11 பிசிக்குக் காப்பி செய்தால் நொடிக்கு 112 எம்பியைத் தாண்டவில்லை. மோடு 0 போட்டால் இரட்டிப்பாகும் என்கிறார்களே, போடலாமா?

ரூட்_ராசா:
உங்கள் செட்டிங்கில் தப்பே இல்லை, எல்ஏசிபி அப்படித்தான். எந்த பாக்கெட் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்பதை மேக் முகவரி, ஐபி, போர்ட் எண் இவற்றை வைத்து ஒரு ஹாஷ் கணக்கு போட்டு முடிவு செய்யும், ஒரு டிசிபி இணைப்புக்கு (ஒரு காப்பி ஓடும் தொடர்புக்கு) அந்த விடை மாறவே மாறாது, ஆகவே அந்த இணைப்பு முழுக்க ஒரே கேபிளில்தான் ஓடும். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சர்வரைத் தொட்டால் பலன் தெரியும். நீங்கள் ஒற்றை ஆள்.

முறுக்கு_கம்பி:
மோடு 0 பக்கம் போகாதீர்கள். பாக்கெட்டை மாற்றி மாற்றி அனுப்பும், அந்தப் பக்கம் வரிசை கலைந்து போய்ச் சேரும், டிசிபி அதை பாக்கெட் தொலைந்ததாக நினைத்துத் திரும்ப அனுப்ப ஆரம்பித்துவிடும். சில சமயம் ஒற்றைக் கேபிளே தேவலை என்றாகிவிடும்.

சேலம்_எடிட்டர்:
அப்போ கார்டு வாங்கிய காசு வீணா அண்ணே? எடிட்டிங் பிசியிலும் இரண்டு போர்ட் சும்மா கிடக்கிறது.

ரூட்_ராசா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பாண்டிங்கைக் கழற்றுங்கள், சுவிட்சில் எல்ஏசிபியையும் எடுத்துவிடுங்கள். சாம்பாவும் விண்டோஸும் ஃபைல் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி 3 நெறிமுறையில் மல்டிசேனல் என்று ஒன்று உண்டு, ஒரே ஃபைலையே இரண்டு இணைப்பில் பிரித்து அனுப்பும். விண்டோஸில் தானாகவே ஆனில் இருக்கும். சாம்பாவில் 4.15 முதல்தான் டீஃபால்ட், டெபியன் 11-இல் இருப்பது 4.13, ஆகவே 12-க்கு ஏறிவிடுவது நல்லது. இரண்டு கார்டுக்கும் வேறு வேறு சப்நெட் (ஐபி முகவரி வரிசை) கொடுங்கள், 192.168.1, 192.168.2 என்று, ஒரே சப்நெட்டில் இரண்டையும் வைத்தால் எந்த ஐபி எந்தக் கார்டில் என்று சொல்லும் ஏஆர்பி பதிலில் லினக்ஸ் குழப்பும். அப்புறம் சர்வரில் இருப்பது ஒற்றை ஹார்ட் டிஸ்க் என்றால் நொடிக்கு 200 சொச்சம் எம்பிக்கு மேல் அதுவே தராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு_கம்பி:
என்னைக் கேட்டால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பிசிக்கு ஒன்றாக இரண்டு 2.5 ஜிகாபிட் கார்டு வாங்கி ஒரே கேபிளில் நேராக இணைத்துவிடுங்கள், சுவிட்சே வேண்டாம், பழைய கேட் 5இ கேபிளே தாங்கும்.

புது_வரவு:
இடையில் ஒரு கேள்வி, இதே மாதிரி வீட்டில் இரண்டு பிராட்பேண்ட் லைனைச் சேர்க்க முடியுமா?

ரூட்_ராசா:
பாண்டிங்கால் முடியாது. இரண்டுக்கும் வேறு வேறு பப்ளிக் ஐபி, ரவுட்டர் ஒரு டவுன்லோடை இதிலும் இன்னொன்றை அதிலும் விடும், அவ்வளவுதான். ஒரே டவுன்லோடு இரண்டிலும் ஓட வேண்டும் என்றால் வெளியே ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, ஓபன்எம்பிடிசிபிரவுட்டர் போல லைன்களைச் சேர்க்கும் மென்பொருள் ஏதாவது போட வேண்டும். அதற்குத் தனி திரெட் போடுங்கள்.