டேம் பக்கம் ஆர்டர வேணாம்னா ஆப் பழிவாங்குதா? கிருஷ்ணகிரி ரைடர்ஸ் சொல்லுங்க

மாங்கா மண்டி: கிருஷ்ணகிரி டவுன்ல சாப்பாடு டெலிவரி, ரெண்டு வருஷமா ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரைக்கு கேஆர்பி டேம் பக்கம் ஒரு ஆர்டர் விழுந்துச்சு, மழை வேற, திரும்பி வரும்போது காலி வண்டி, அந்த பெட்ரோலுக்கு ஒரு பைசா கிடையாது, வேணாம்னு தள்ளிட்டேன், அடுத்ததும் அதே பக்கம், அதையும் தள்ளிட்டேன். மறுநாள் ரவுண்டானா கிட்ட நாலு பேர் நிக்கிறோம், மத்த மூணு பேருக்கும் டிங் டிங்னு அடிக்குது, என் போன் மட்டும் செத்து கெடக்கு. இன்சென்டிவும் போச்சு. சேரும்போது நீங்க பார்ட்னர், உங்க இஷ்டம்னாங்க. இது தண்டனையா, நானா கற்பனை பண்ணிக்கிறேனா?

ஜுஜுவாடி: கற்பனைன்னு சொல்ல மாட்டேன் தம்பி, ஆனா தண்டனைன்னு உன்னால நிரூபிக்கவும் முடியாது, அவனுங்களுக்கு வசதியே அதான். எத வச்சு ஆர்டர் தர்றான்னு யாருக்கு காட்டுறான்? எங்க செக்போஸ்ட் தாண்டுனா கர்நாடகா, அங்க 2025ல சட்டமே போட்டாங்க, ஒருத்தரோட ஐடிய தூக்கி வேலைய விட்டு நிறுத்தணும்னா காரணத்த எழுதி 14 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். நம்ம தமிழ்நாட்டுல 2023ல நம்மள மாதிரி ஆப்ல வேலை செய்யுறவங்களுக்கு நல வாரியம் வந்துச்சு, 2025 பட்ஜெட்ல 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபா மானியம்னாங்க, நல்லதுதான், ஆனா ஆர்டர் ஏன் வரலன்னு கேட்டா வாரியம் என்ன பண்ணும்?

நைட் ஷிப்ட்: ஓசூர் சிப்காட்ல கான்ட்ராக்ட்ல இருந்தவன் நான், பாத்ரூம் போகவே சூப்பர்வைசர்ட்ட கேக்கணும். உங்களுக்கு புடிக்கலன்னா ஆப்ப ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்கு போலாம்ல, ஓவரா பேசாதீங்கப்பா.

மாங்கா மண்டி: அண்ணா, சூப்பர்வைசர் திட்டுனா மூஞ்சிய பாத்து ஏன்னு கேக்கலாம். எனக்கு சாட்ல "உங்கள் சிரமம் புரிகிறது"ன்னு மூணு தடவ அதே மெசேஜ் வருது. மத்தியானம் பீக் அவர்ல ஆஃப் பண்ணா அடுத்த வாரம் நல்ல ஸ்லாட் கெடைக்காது, அப்புறம் டியூ யாரு கட்டுறது?

நைட் ஷிப்ட்: ம், டியூ இருக்கா, அப்ப சரி.

ஜுஜுவாடி: தம்பி, தள்ளுன ரெண்டு ஆர்டருக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கா? தூரம், நேரம், காசு மூணும் தெரியுற மாதிரி எடுத்து வை. வாரியத்துலயும், மத்திய அரசோட தொழிலாளர் பதிவு தளம் இ-ஷ்ரம்லயும் பதிவு பண்ணு, காசு கேட்டா குடுக்காத, ரெண்டும் இலவசம்.

மாங்கா மண்டி: ஒண்ணு இருக்குணா, இன்னொன்னு எடுக்கல, கை ஈரம், ஸ்கிரீன் நகரவே இல்ல.