ராத்திரி 3 மணிக்கு எப்படி ஜெபிக்கிறீங்க?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு 11 நாளாச்சு. பகல்ல எப்படியோ சமாளிச்சிடுறேன். ராத்திரி 3 மணிக்கு முழிப்பு தட்டினா, அம்மா மூச்சுக்குப் போர்வை ஏறி இறங்குதான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். ஜெபிக்கலாம்னா "ஆண்டவரே"க்கு மேல வார்த்தை வரலை.

நேத்து பைபிள்ல 23ஆம் சங்கீதம் படிக்கிறப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. முதல் 3 வசனத்துல "அவர்"னு கர்த்தரைப் பத்திப் பேசுற தாவீது, 4ஆம் வசனத்துல மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்"னு நேரா அவர்கிட்டயே பேச ஆரம்பிச்சிடுறார். சின்ன வயசுலேர்ந்து ஒப்பிச்ச சங்கீதம், இப்பதான் கவனிக்கிறேன்! பள்ளத்தாக்கு மறைஞ்சு போயிடும்னு அங்க சொல்லவும் இல்லை.

அந்த நேராப் பேசுறதுதான் எனக்கு வரமாட்டேங்குது. இப்படிப்பட்ட ராத்திரிகளைத் தாண்டினவங்க என்ன செஞ்சீங்க? வசனத்தைச் சத்தமா வாசிச்சீங்களா, சும்மா அவர் சமுகத்துல உட்கார்ந்தீங்களா? (பைபிள்ல சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசிக்கே முதல்ல தூக்கமும் அடையும் தண்ணியும்தான் கிடைச்சுது, ஆண்டவர் பேசின மெல்லிய சத்தம் அப்புறம்தான்.) "விசுவாசம் இல்லையா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அதை நானே தினமும் கேட்டுக்கிறேன். அம்மாவையும் ஜெபத்துல நினைச்சுக்கோங்க.