சும்மா சும்மா பிரேக் புடிக்குது, எங்கிருந்து தேடுறது?

வணக்கம் நண்பர்களே, அவசர உதவி வேணும். என் கார்ல இருக்குற ஆட்டோமேட்டிக் எமர்ஜென்சி பிரேக் மூணு வாரமா படுத்துது, முன்னாடி ஒண்ணுமே இல்லாத ரோட்டுல திடீர்னு பிரேக் புடிக்குது, நேத்து பின்னாடி வந்த லாரி இடிக்காம நின்னதே பெருசு, பின் சீட்ல குழந்தைங்க வேற இருந்தாங்க, எனக்கு இன்னும் பதட்டம் போகல.

போன மாசம் முன் கண்ணாடி மாத்தினோம், அப்பவே கீறல் விழுந்த பம்பருக்கு பட்டி பாத்து பெயின்ட்டும் அடிச்சாங்க. கண்ணாடி மாத்தினா அதுல இருக்குற கேமராவை கேலிப்ரேட் (திரும்ப சரியான கோணத்துக்கு செட்) பண்ணணும்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, பண்ணீங்களான்னு கேட்டா சரியா பதில் இல்ல. பம்பருக்குப் பின்னாடி, முன்னாடி போற வண்டியைக் கண்டுபிடிக்கிற 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கு, அதுக்கு நேரா பட்டி கனமா இருந்தா சிக்னல் கெடும்ல?

ஸ்கேனர் மாட்டினா ரேடார் அலைன்மென்ட் சரியில்லன்னு எரர் கோட் வருது, அழிச்சா ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுது. பேட்டரி 12.6 வோல்ட், கனெக்டர்ல ஈரமோ துருவோ இல்ல. ரேடாரைப் புடிச்சிருக்குற பிராக்கெட் லேசா வளைஞ்சிருக்கோன்னு சந்தேகம், ஒரு டிகிரி திரும்பினாலே 100 மீட்டர் தள்ளி 1.7 மீட்டர் விலகிடும், பக்கத்து லேன் வண்டியை நம்ம முன்னாடி நிக்குதுன்னு எடுத்துக்குமே.

வீல் அலைன்மென்ட் முதல்ல பாத்துட்டு அப்புறம் கேலிப்ரேஷன் போறதுதான் சரியான வரிசையா? ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு பாக்குற ஆங்கிள் சென்சாரோட ஜீரோ (நேர் நிலை) தப்பா இருந்தாலும் இப்படி வருமா? இந்த வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், அதுவரைக்கும் சிஸ்டத்தை ஆஃப் பண்ணித்தான் ஓட்டுறேன்.