யாட் வஷேம் மரங்கள் பத்தி ஒரு கேள்வி

கேள்வி: ஜெருசலேம்ல யாட் வஷேம் நினைவிடத்துல, நாஜி காலத்துல யூதர்களைக் காப்பாத்துன மத்த மக்களுக்காக மரம் நட்டு வச்சிருக்காங்கன்னு படிச்சேன். ஆளாளுக்குத் தனி மரமா? யார் பேரை வேணா சேர்ப்பாங்களா?

பதில் 1: 1962ல ஆரம்பிச்சப்ப மரம்தான், நிறைய கரோப் மரம், பக்கத்துல சின்னப் பலகைல பேரும் நாடும் இருக்கும். அப்புறம் இடம் பத்தல, அதனால தோட்டத்துச் சுவர்ல நாடு வாரியா பேரைச் செதுக்குறாங்க, மொத்தம் 28,000 பேருக்கு மேல. சும்மா சேர்க்க மாட்டாங்க. சாட்சியம் வேணும், காசுக்காக இல்லாம உயிரைப் பணயம் வச்சு செஞ்சிருக்கணும், எல்லாத்தையும் ஒரு கமிஷன் விசாரிக்கும்.

பதில் 2: இரேனா செண்ட்லர் மரமும் அங்க இருக்கு, அவங்களைப் பத்தி கண்டிப்பா படிங்க. போலந்துல நாஜிங்க யூதர்களை அடைச்சு வச்சிருந்த வார்சா கெட்டோல இருந்து குழந்தைகளை ரகசியமா வெளிய கொண்டுவந்தாங்க, பின்னாடி சொந்தக்காரங்ககிட்ட சேர்க்கணுமேன்னு அதுங்க நிஜப் பேரை மெல்லிசுத் தாள்ல எழுதி ஜாடில போட்டு மண்ணுல புதைச்சு வச்சாங்க. நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடிச்சு அடிச்சும் வாயே திறக்கல. நினைச்சாலே மனசு கலங்குது.

பதில் 3: சுகிஹாராவையும் சொல்லணும். 1940ல லிதுவேனியால ஜப்பான் தூதரக அதிகாரி, மேலிடம் சம்மதிக்காதப்பவும் கையாலயே விசா எழுதிக் குடுத்துட்டே இருந்தார், ஆயிரக்கணக்கான பேர் தப்பிச்சாங்க.