ஒரு தவறான தொடக்கத்துக்கு ஒரு பந்தயமே விலையா?

(நீச்சல் பற்றிய ஓர் இணைய விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஏழாம் தடம்

சிட்னி ஒலிம்பிக், 2000. ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், முதல் தகுதிச் சுற்று. மேடையில் நின்றவர்கள் மூன்றே பேர். அதில் ஈக்வடோரியல் கினியாவின் எரிக் முசாம்பானி தனியொருவராக நீந்தி, கடைசி மீட்டர்களில் கையைத் தூக்கவும் வலுவின்றித் தத்தளித்து, 1 நிமிடம் 52.72 விநாடியில் சுவரைத் தொட்டார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் ஏன் தனியாக நீந்த நேர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

நைஜரின் கரீம் பாரே, தஜிகிஸ்தானின் ஃபர்ஹோத் ஓரிபோவ் ஆகிய இருவரும் ஒலி எழும் முன்பே நீரில் பாய்ந்துவிட்டார்கள். தகுதிநீக்கம். முடிந்தது அவர்களுடைய ஒலிம்பிக். பதக்கக் கனவுடன் வந்தவர்களா அவர்கள்? யாரையாவது ஏமாற்ற நினைத்தவர்களா? பதற்றத்தில் கால் முந்திவிட்டது, அவ்வளவுதான். முன்பெல்லாம் முதல் தவறுக்கு எச்சரிக்கை மட்டும்தான். எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி தொடங்குவார்கள். அந்தப் பழைய வழக்கமே நியாயமானது என்கிறேன். நான்கு வருட உழைப்பை அரை விநாடிப் பதற்றத்துக்குப் பலிகொடுப்பது விளையாட்டுக்கு அழகல்ல.

நடுவர் மேசை

இருபது ஆண்டுகளாக மாவட்ட, மாநிலப் போட்டிகளில் தொடக்க நடுவராக நிற்கிறேன். உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் பழைய வழக்கத்தை நீங்கள் பார்த்திருந்தால் அதை நியாயம் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

தொடக்கச் சுவரிலிருந்து 15 மீட்டரில் குளத்தின் குறுக்கே ஒரு கயிறு தொங்கும். யாராவது முந்திப் பாய்ந்தால் அந்தக் கயிற்றை நீரில் விழவிட்டு மற்றவர்களைத் தடுப்பார்கள். ஒருவர் செய்த தவறுக்கு மீதி ஏழு பேரும் முழு வேகத்தில் பாய்ந்து, கயிற்றில் மோதி, ஈரத்தோடும் இரைக்கும் மூச்சோடும் திரும்பி வந்து மேடையேற வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் பத்தடி ஓடிவிட்டுத் திரும்புவது வேறு. நீரில் பாய்ந்தவன் திரும்பி வருவது வேறு.

இதைவிட மோசமானது, அதைத் தந்திரமாகப் பயன்படுத்தியது. பக்கத்துத் தடத்துக்காரர் பதற்றமானவர் என்று தெரிந்தால் வேண்டுமென்றே ஒருமுறை முந்திப் பாய்வார்கள். முதல் எச்சரிக்கை எல்லோருக்கும் பொதுவானது. அடுத்த முறை யார் தவறினாலும் அவர்தான் வெளியே. தந்திரம் செய்தவர் தப்பிப்பார், பயந்தவர் மாட்டுவார். இதுவா அழகு?

தடகளத்திலும் இதே கதைதான். அங்கும் 2010 முதல் முதல் தவறுக்கே வெளியேற்றம். 2011இல் தேகு உலகப் போட்டியில் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டையே வெளியேற்றினார்கள். விதி ஆள் பார்க்கவில்லை.

ஈரத்துண்டு

விதி ஆள் பார்க்கவில்லையா? 2012 லண்டன், 1500 மீட்டர் இறுதி. சுன் யாங் ஒலிக்கு முன்பே நீரில் விழுந்தார். அவரை வெளியேற்றவில்லை. மறுபடி மேடையேறி 14:31.02 என்று உலக சாதனையுடன் தங்கம் வென்றார். அவர் இடத்தில் பாரேயோ ஓரிபோவோ இருந்திருந்தால் திரும்ப நிற்கவிட்டிருப்பார்களா? நான் கல்லூரி அணிக்காக நீந்துகிறேன். என்னை விட்டிருக்க மாட்டார்கள், அது உறுதி.

நடுவர் மேசை

தம்பி, லண்டனில் அரங்கம் அடங்கவே இல்லை. அந்தக் கூச்சலால் அவர் குழம்பினார் என்று நடுவர்கள் முடிவெடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த குழப்பத்துக்கு வீரரைத் தண்டிக்கக் கூடாது. என் போட்டியில் அது நடந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன், மேடையில் நின்றது பள்ளிச் சிறுவனாக இருந்தாலும். இதற்கு எதிர்ப்பக்கமும் பாருங்கள். 2004இல் ஆஸ்திரேலியத் தேர்வுப் போட்டியில் 400 மீட்டரில் உலக சாதனையாளரான இயன் தோர்ப், மேடையில் நிலைதடுமாறி நீரில் விழுந்தார். சொந்த நாடு, சொந்த மக்கள். இருந்தும் தகுதிநீக்கம் செய்தார்கள், மேல்முறையீட்டையும் தள்ளிவிட்டார்கள்.

ஏழாம் தடம்

நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஐயா. தோர்ப் கதையை முழுதாகச் சொல்லுங்கள். இரண்டாவதாக வந்து தகுதி பெற்றிருந்த கிரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அதனால்தான் தோர்ப் ஏதென்ஸுக்குப் போய் 3:43.10இல் தங்கம் வென்றார். அதாவது விதி விழுங்கியதை ஒரு சக வீரன் தன் இடத்தைக் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. விதியின் குறையைத் தனிமனிதத் தியாகம் நிரப்பினால் அந்த விதி நல்ல விதியா? ஸ்டீவன்ஸுக்கு நேர்ந்தது யார் குற்றம்?

தோர்ப் எதை முந்த நினைத்தார்? ஒன்றுமில்லை. தகுதிச் சுற்றில் மெதுவாகப் போனாலும் அவர்தான் முதல். அவர் சாய்ந்தார், விழுந்தார். தடுக்கி விழுந்தவனையும் திருடனையும் ஒரே சட்டத்தில் அடைக்கிறீர்கள்.

நடுவர் மேசை

ஏனென்றால் மேடையில் நின்று பார்க்கும் எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மனதைப் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை.

ஈரத்துண்டு

கருவிதான் இருக்கிறதே! திரையில் ஒவ்வொருவருக்கும் 0.62, 0.66 என்று காட்டுகிறார்களே. தொடர் நீச்சலில் அடுத்தவர் கிளம்புவதை அந்தக் கருவிதானே அளக்கிறது, அதிலும் 0.03 விநாடி வரை விட்டுக்கொடுக்கிறார்கள். தனிநபர் போட்டியிலும் அப்படி ஒரு சிறு விலக்கு கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

நடுவர் மேசை

இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்த 0.62 என்பது ஒலியைக் கேட்டு உடல் அசைந்த நேரம் அல்ல. கால் மேடையை விட்டுப் பிரிந்த நேரம். அதில் காதின் பங்கு சிறிது. கைகள் மேடையை இழுப்பதும் கால்கள் தள்ளுவதும்தான் பெரும்பகுதி. ஒருவர் ஒலிக்குக் காத்திராமல் ஊகித்து அசையத் தொடங்கினாலும் அவர் கால் பிரியும்போது ஒலி எழுந்து அரை விநாடி ஆகியிருக்கும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அந்தத் திருட்டைப் பிடிப்பது நடுவரின் கண்தான்: இடுப்பு முன்னே நகர்ந்ததா, தலை எழுந்ததா என்று பார்க்கும் கண். தொடர் நீச்சலில் நிலைமை வேறு. அங்கே கையை வீசிக்கொண்டே கிளம்பலாம். சுவர் தொடப்பட்ட நேரத்தையும் கால் பிரிந்த நேரத்தையும் கருவி ஒப்பிடுகிறது, வேலை முடிந்தது.

இன்னொன்று. கால் சீக்கிரம் பிரிந்தால் நல்ல தொடக்கம் என்பதும் தவறு. சற்றுக் கூடுதலாகத் தள்ளிவிட்டுப் பிரிபவர் அதிக வேகத்தோடு நீரில் நுழையலாம். பின்பக்கச் சாய்வுத் தட்டு வைத்த மேடைகள் வந்தபின் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. பின்காலை அந்தத் தட்டில் ஊன்றி, முழங்காலை ஏறக்குறைய செங்கோணத்தில் மடித்து, கைகளால் மேடை விளிம்பை இறுகப் பிடித்து உடலைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள், நாணேற்றிய வில் மாதிரி. கைகள் விட்டதும் உடல் முன்னே பாய்கிறது. விரல் நுழைந்த அதே துளையில் தலையும் இடுப்பும் பாதமும் நுழைய வேண்டும். பிறகு நீருக்கடியில் இரு கால்களையும் சேர்த்து அடிக்கும் டால்பின் உதை, அதிகபட்சம் 15 மீட்டர். இத்தனையும் ஒரு ஒலியைச் சார்ந்தது. அந்த ஒலியை ஊகிக்க அனுமதித்தால் மீதி எல்லாம் வீண்.

பாரிஸில் 2024இல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் கேமரன் மெக்கவாய் 21.25, வெள்ளி பென் பிரவுட் 21.30. இடைவெளி 0.05. ஒருமுறை மன்னிப்பு உண்டு என்றால் அந்த எட்டுப் பேரில் யார் ஊகித்துப் பார்க்க மாட்டார்? ஊகம் சரியானால் தங்கம், தவறினால் எச்சரிக்கை. நானே அந்த இடத்தில் இருந்தால் ஊகிப்பேன்.

கோடைமழை

உங்கள் விவாதத்தைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. சென்ற மாதம் ஒரு போட்டியில் நீண்ட விசில் ஊதியது, மேடையேறினாள், "டேக் யுவர் மார்க்ஸ்" சொன்னார்கள். அதன்பிறகு ஒலி வரவே இல்லை. எனக்கே மூச்சு முட்டியது. அவள் கால் நடுங்கி விழுந்தாள். ஒலி தாமதித்தது அவள் குற்றமா? வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மேடையென்றாலே பயம்.

நடுவர் மேசை

அம்மா, அது அவள் குற்றமல்ல. எட்டுப் பேரும் அசையாமல் நின்றதும் ஒலி எழ வேண்டும். யாராவது அடங்காமல் இருந்தால் எல்லோரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்லி மறுபடி தொடங்க வேண்டும். பிள்ளைகளைக் குனிந்த நிலையில் காக்கவைப்பது தொடக்க நடுவரின் தவறு. இதில் நான் என் சகாக்களுக்குப் பரிந்து பேச மாட்டேன். விதி கடுமையாக இருக்கும்போது அதைக் கையாள்பவன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பலர் இல்லை.

ஏழாம் தடம்

இந்த நேர்மைக்கு நன்றி. ஊகிக்கும் வாய்ப்பைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். இறுதிப் போட்டியில் மன்னிப்பு வேண்டாம். ஆனால் தகுதிச் சுற்றில் வைக்கலாமே? 2004 ஏதென்ஸில் தென்கொரியாவின் பாக் டே ஹ்வான் 400 மீட்டர் தகுதிச் சுற்றில் முந்திப் பாய்ந்து வெளியேறினார். அப்போது அவருக்கு வயது பதினான்கு! ஒரு குழந்தைக்கு மறுவாய்ப்புக் கொடுத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஈரத்துண்டு

அந்தக் குழந்தைதான் 2008 பெய்ஜிங்கில் அதே 400 மீட்டரில் தங்கம் வென்றது. அதையும் சொல்லுங்கள். 2012இல் அவரைத் தகுதிச் சுற்றில் மறுபடி தகுதிநீக்கம் செய்தார்கள்; மேல்முறையீட்டுக்குப் பின் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள்; அன்று மாலையே வெள்ளி வென்றார். கண் தவறினால் சரிசெய்யும் வழியும் இருக்கிறது. இதைத் தேடிப் படித்த பிறகு நான் கொஞ்சம் நடுவர் பக்கம் சாய்கிறேன்.

நடுவர் மேசை

தகுதிச் சுற்றில் நஷ்டமில்லை என்கிறீர்கள். டோக்கியோவில் துனிசியாவின் அகமது ஹஃப்னாவி 400 மீட்டர் இறுதிக்கு எட்டாவதாக, கடைசி ஆளாகத் தகுதி பெற்றார். எட்டாம் தடத்திலிருந்து தங்கம் வென்றார். ஒன்பதாவதாக வந்தவர் வீட்டிலிருந்து அதைப் பார்த்திருப்பார். தகுதிச் சுற்றில் ஒருவருக்கு ஊகித்துப் பார்க்க இடம் கொடுத்தால் அந்த எட்டாவது இடம் வேறொருவருக்குப் போகும்.

ஏழாம் தடம்

அதே ஹஃப்னாவியின் கால் தகுதிச் சுற்றில் நடுங்கியிருந்தால்? உங்கள் விதி அந்தத் தங்கத்தை யாரும் அறியாமலே அழித்திருக்கும். நீங்கள் எண்ணுவது திருடப்பட்ட இடங்களை. நான் எண்ணுவது தொடங்காமலே போன பந்தயங்களை. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, ஐயா.

நடுவர் மேசை

போகப் போவதில்லைதான். கோடைமழை அம்மாவுக்கு மட்டும் ஒன்று: மகளை மேடையில் நிற்கவைத்து நீங்களே ஒலி கொடுங்கள். ஒருமுறை உடனே, ஒருமுறை மூன்று விநாடி கழித்து, ஒருமுறை ஒலியே கொடுக்காமல் "நிமிர்ந்து நில்" என்று சொல்லுங்கள். உடல் எடையைக் கைகளில் தொங்கவிடாமல் இரு பாதங்களிலும் வைக்கச் சொல்லுங்கள், நடுக்கம் குறையும்.

கோடைமழை

நாளைக் காலை ஆறு மணிக்குக் குளம் திறப்பார்கள். போகிறோம்.