பெட்ஷீட் டிசைனைக் காப்பி அடிச்சா கேஸ் போடலாமா?

கேள்வி: சென்னிமலைங்க. ஓவியர் ஒருத்தர் பெட்ஷீட்டுக்குன்னே வரைஞ்ச மயிலை ஸ்கிரீன் பிரிண்ட்ல 300 பீஸ் போட்டு வித்தாச்சு. இப்ப ஈரோடு ஜவுளிச் சந்தையில அதே மயில், தோகையில விட்ட இடைவெளிகூட மாறாம! காப்பிரைட் இருக்குதுங்களா?

பதில் 1: கஷ்டம்ங்க. காப்பிரைட் சட்டம் பிரிவு 15(2): டிசைனை டிசைன் சட்டத்துல பதியாம 50 பீஸுக்கு மேல தொழில்முறையில போட்டா உரிமை போயிரும். 2009-ல மைக்ரோஃபைபர்ஸ் வழக்குல சோபாத்துணி ஓவியத்துக்கும் டெல்லி உயர்நீதிமன்றம் இதையேதான் சொல்லுச்சு. வித்துட்டதால இனிப் பதியவும் முடியாது, வெளிய வராத புது டிசைனைத்தான் பதிய முடியும்.

பதில் 2: பெட்ஷீட்டுக்குன்னு இல்லாம தனி ஓவியமா வரைஞ்சிருந்தா கதையே வேறங்கண்ணா, காப்பிரைட் இருக்குன்னு வாதாட இடம் இருந்திருக்கும்.

பதில் 3: அடுத்த டிசைனை வாட்ஸ்அப்ல வியாபாரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே டிசைன் பதிவுக்கு விண்ணப்பம் போட்டிருங்க, அதுல பெட்ஷீட்டுக்கு வகுப்பு 06-13. பாதுகாப்பு 10 வருசம், நீட்டிச்சா இன்னும் 5. ஓவியர்கிட்ட காப்பிரைட் உரிமை மாற்றம் கையெழுத்தோட எழுதி வாங்கோணும். அந்தப் பத்திரத்துல காலம் போடலீன்னா 5 வருசம்தான், இடம் போடலீன்னா இந்தியா மட்டும். ஏற்றுமதி பண்றவங்க கோட்டை விடறது இங்கதான்.